பாலையூற்று மனிதர் கேட்ட விலை

கிண்ணியாவில் ஒருவருக்கு எத்தனை பெண்பிள்ளைகள் என்று கேட்டால் போதும், அந்த மனிதர் எத்தனை வீடு தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். இங்கே மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார்; வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளையும் இல்லை. பெயின்டர் ஜமால்தீனுக்கு மூன்று பெண்கள். அதற்கு முன்னால் இரண்டு தங்கச்சிமார், தகப்பன் இல்லாத குமர்கள். ஆக மொத்தம் ஐந்து வீடு. ஒரு ஆயுளில் ஐந்து வீடு என்றால் சும்மாவா? சொல்லவே மூச்சு வாங்குகிறது.

பதினெட்டு வயதில் திருகோணமலைக் கப்பல் யாட்டில் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளைக்காரனுடைய போர்க்கப்பல்களின் விலாவில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு துருச் சுரண்டுவார், சாம்பல் நிறப் பெயின்ட் அடிப்பார். அந்தக் காசில்தான் மூத்த தங்கச்சிக்கு ஓட்டு வீடு எழும்பியது. சுதந்திரம் கிடைத்த வருடம் ஊரே கொடி கட்டிக்கொண்டு நிற்க, இவர் இளைய தங்கச்சியின் வீட்டுக்கு ஓடு ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டும் முடிந்த பிறகுதான் தனக்கொரு கலியாணம். நஜ்முன் நிஸாவைக் கட்டிக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போனார்.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் கப்பலோடு போய்விட்டான். யாட்டில் ஆள் குறைத்தார்கள், குறைத்த ஆட்களில் இவரும் ஒருவர். அன்றிலிருந்து வாளியும் பிரஷும் தூக்கிக்கொண்டு காலையில் பாதையில் ஏறுவார். பாதை என்றால் ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவை. அக்கரையில் பஸ் பிடித்து நகரத்துக்குப் போய், கந்தோர்களுக்கும் கடைகளுக்கும் உத்தியோகத்தர் வீடுகளுக்கும் பெயின்ட் அடித்துவிட்டு, பொழுது சாயத் திரும்புவார். மூத்த மகளைக் கொடுத்தபோது நஜ்முன் நிஸாவின் வீடு அவளுக்குப் போயிற்று. வளவின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு மற்றவர்கள் அதற்குள் நகர்ந்தார்கள். இரண்டாவது மகளுக்குக் காணி வாங்கிக் கட்ட ஆறு வருடம் எடுத்தது. நாலு பேருக்கு வீடு ஆகிவிட்டது, ஜமால்தீன் படுப்பது தகரத்துக்குக் கீழே.

மிஞ்சியது கடைசி மகள் சித்தி பரீதா. எழுபத்தெட்டாம் ஆண்டு அவளுக்கு இருபத்திமூன்று வயது. தையல் மெஷினில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுப்பாள். அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்க்கும் ஒரு பொடியனுக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். நல்ல இடம். பொடியனின் தாய் கதையை வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

“கல்வீடா இருக்கோணும். பள்ளிவாசலுக்குக் கிட்ட இருந்தா நல்லம். நோன்புக்கு முன்னம் முடிக்கோணும், காக்கா. அதுக்கு மேல எங்களுக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.”

கட்டுவதற்குக் காலமும் இல்லை, ஜமால்தீனின் இடுப்புக்குப் பலமும் இல்லை. கட்டிய வீடு ஒன்றை வாங்கத்தான் வேண்டும். கிண்ணியாவில் வீடு விலைக்கு வருவது லேசான காரியமில்லை. யாராவது மகளுக்கு எழுதி வைத்த வீட்டை விற்பார்களா? ஆனால் அந்த வருடம் ஒன்று வந்தது. பள்ளிவாசலுக்கு இரண்டு வளவு தள்ளி, மூன்று அறை, ஓட்டுக் கூரை, கிணறு, இரண்டு மாமரம். சொந்தக்காரி ஸல்ஹா உம்மா. பிள்ளையில்லாத மனிசி. புருஷன் மௌத்தாகி ஒரு மாதம். மூதூரில் இருக்கிற தம்பியோடு போய் இருக்கப்போகிறாளாம், வீட்டை விற்று அந்தக் காசில் மிச்சக் காலத்தை ஓட்டப்போகிறாளாம்.

இங்கேதான் சிக்கல். ஸல்ஹா உம்மா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், பிற ஆண்களின் கண்ணில் படக்கூடாது. வாங்குகிறவன் நேரே போய், “என்ன உம்மா, கடைசி விலை என்ன?” என்று கேட்க வழியில்லை. எல்லாக் கதையும் புரோக்கர் அபூதாஹிர் வழியாகத்தான். அவரும் விறாந்தையில் நின்று, கதவுக்குக் கட்டிய சீலைக்கு வெளியேயிருந்து கேட்டுக்கொண்டு வந்து சொல்வார்.

அபூதாஹிர் மாடும் தரகு பார்ப்பார், வயலும் தரகு பார்ப்பார், வீடும் பார்ப்பார். மெலிந்த மனிதர், ஓயாத வாய். எதற்கெடுத்தாலும் ‘வல்லாஹி’ என்று சத்தியம் பண்ணுவார். மீன் விலைக்கும் வல்லாஹி, மழை பெய்ததற்கும் வல்லாஹி. இப்படிக் கண்டபடி அல்லாஹ்வைச் சாட்சிக்கு இழுக்கிறவனை எப்படி நம்புவது என்று ஜமால்தீனுக்கு எப்போதுமே ஒரு இது.

வயல் இரண்டு ஏக்கரை விற்ற காசு, இருபது வருடமாகச் சேர்த்தது, எல்லாம் கூட்டினால் இருபத்தேழாயிரம். ஜமால்தீன் இருபத்துநாலில் தொடங்கினார். நாலு நாளில் அபூதாஹிர் வந்தார்.

“காக்கா, வல்லாஹி, இன்னொரு ஆள் இருபத்தாறு கேட்டிட்டார்.”

“ஆரு அந்த ஆள்?”

“அதைச் சொல்லப்படாது. உங்கட பேரை நான் அவருக்குச் சொன்னனா? இல்லையே. அது மாதிரித்தான் இதுவும்.”

ஜமால்தீன் ஒரு கிழமை யோசித்துவிட்டு இருபத்தேழு என்றார். அடுத்த வியாழன் அபூதாஹிர் மறுபடி வந்து, கொடுத்த கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

“இருபத்தெட்டு வந்திருக்கு, காக்கா.”

“அதே ஆளா?”

“அதே ஆள்தான், வல்லாஹி.”

ஜமால்தீனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவர் ஏற ஏற அந்த ஆளும் ஏறுகிறானாம். பேரில்லை, ஊரில்லை, ஒருவரும் கண்டதில்லை. கிண்ணியாவில் ஒருவன் ஆட்டுக்குட்டி வாங்கினாலே அஸர் தொழுகைக்குள் ஊருக்குத் தெரியும். இருபத்தெட்டாயிரத்துக்கு வீடு கேட்கிறவன் ஒருவன் இருந்தால் தெரியாமல் போகுமா? இது அச்சொட்டாக அபூதாஹிர் திரித்த கயிறு. தரகுக் காசு கூடவேண்டுமென்று ஒரு ஆளைத் தன் வாயாலேயே படைத்து வைத்திருக்கிறான், புளுகன்!

“இருபத்தேழுக்கு மேல ஒரு சதமும் இல்லை. போய்ச் சொல்லு,” என்று அனுப்பிவிட்டார்.

இதையெல்லாம் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நஜ்முன் நிஸா ஒருநாள் விட்டு ஒருநாள் ஸல்ஹா உம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சிறு வயதில் ஒன்றாகக் குர்ஆன் ஓதியவர்கள். இத்தாவில் இருக்கிறவள் தனியே என்ன செய்வாள் என்று கறியோ புட்டோ எடுத்துக்கொண்டு போவாள், பக்கத்தில் இருந்து கதைத்துவிட்டு வருவாள். முதல் நாளே ஜமால்தீன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“அங்க போனா வீட்டுக் கதையே எடுக்கப்படாது. நமக்கு ஆசை எண்டு தெரிஞ்சா அவ விலையை ஏத்திப்போடுவா. விளங்குதா?”

“ஓம்,” என்றாள் அவள். புருஷன் சொன்னதை மீறுகிற பெண் அல்ல. முப்பது வருடத்தில் ஒரு தடவையாவது மீறியிருந்தால் இவருக்கு நல்லதாக இருந்திருக்கும்.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டார்கள். “பேச்சு நடக்குது” என்று ஜமால்தீன் சொல்லியனுப்பினார். பெயின்ட் வாளியைத் தூக்கும்போது இடுப்பு வலித்தது. இருபத்தெட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் பெண்சாதியின் சங்கிலி இருக்கிறது, அதை அடகு வைக்கலாம். ஆனால் இல்லாத மனிதனோடு போட்டி போட்டு இருக்கிற சங்கிலியைத் தோற்கவா? அதை நினைக்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஏமாந்தது போதும் என்று இருந்தது.

அந்தக் கிழமை அவருக்கு நகரத்தை அடுத்த பாலையூற்றில் வேலை. யாட்டில் ஸ்டோர் கிளாக்காக இருந்த சோமசேகரத்தின் வீட்டு யன்னல்களுக்குப் பெயின்ட். சோமசேகரம் ஓய்வு பெற்றவர், பழைய சிநேகிதம். மத்தியானம் தேத்தண்ணி குடிக்கும்போது ஜமால்தீன் மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டினார். கொட்டி முடித்துவிட்டு, “சோமண்ணே, ஒரு உதவி செய்யோணும்,” என்றார்.

“சொல்லும்.”

“நீங்க ஒருக்கா கிண்ணியாவுக்கு வந்து அபூதாஹிரிட்ட அந்த வீட்டை விலைக்குக் கேளுங்க. முப்பத்திரண்டு எண்டு சொல்லுங்க.”

சோமசேகரம் கோப்பையை வைத்துவிட்டு இவரைப் பார்த்தார். “எனக்கு என்னத்துக்கு ஐசே கிண்ணியாவில வீடு?”

“நெல்லு வாங்கி அடுக்க ஒரு கல்வீடு தேடுறன் எண்டு சொல்லுங்க. வாங்கவா போறீங்க? அவன் திரும்பி வந்து எனக்கு எவ்வளவு எண்டு சொல்றான் பார்ப்பம். முப்பத்தஞ்சு எண்டுவான். அண்டைக்குப் பிடிக்கிறன் ஆளை.”

“முப்பத்திரண்டு எண்டே சொன்னா?”

“சொல்லமாட்டான்.”

“சொன்னா என்ன செய்வீர் எண்டு கேக்கிறன்.”

அதுவரைக்கும் ஜமால்தீன் யோசித்திருக்கவில்லை. சோமசேகரத்துக்கு இந்த விளையாட்டுப் பிடிக்கவில்லை. ஆனாலும் கப்பல் விலாவில் கயிறு அறுந்து ஜமால்தீன் தொங்கிய ஒருநாளில் கையைப் பிடித்து மேலே இழுத்த மனிதர் அவர். தான் காப்பாற்றிய உயிர் என்ற பாசமோ என்னவோ, அன்றிலிருந்து ஜமால்தீன் கேட்டால் இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. புதன்கிழமை வேட்டி கட்டிக்கொண்டு பாதை ஏறி வந்தார், புரோக்கரைக் கண்டார், கேட்டார், போனார்.

வியாழன் காலையில் அபூதாஹிர் வந்து நின்றார். முகத்தில் அடித்துவைத்தது போல் ஒரு கலக்கம்.

“காக்கா, புதுசா ஒரு ஆள். பாலையூத்துப் பக்கத்து மனிசன். முப்பத்திரண்டு கேக்கிறார். வல்லாஹி, நான் எதிர்பார்க்கல்ல. என்ன சொல்றீங்க?”

முப்பத்திரண்டு. ஒரு சதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்படியென்றால் இந்த மனிதன் உண்மைதான் பேசுகிறானா? அந்த இருபத்தெட்டும் உண்மையா? உடனே மற்றொரு நினைவு வந்து குறுக்கே நின்றது. ஒருவேளை சோமண்ணனை யாரென்று அபூதாஹிர் மோப்பம் பிடித்திருப்பான். தன்னைச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்து இந்த ஒரு தடவை மட்டும் நல்ல பிள்ளையாக நடக்கிறானோ என்னவோ. சந்தேகம் ஒருதரம் குடியேறிவிட்டால் வாடகை கொடுக்காமலே இருந்துவிடும், அதை எழுப்பி அனுப்புவது பெரும்பாடு. “யோசிச்சுச் சொல்றன்,” என்றார்.

அன்றைக்கே பாதை ஏறிப் போய் சோமசேகரத்தைக் கொண்டு ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்ல வைத்திருக்கலாம். போகவில்லை. வெள்ளி ஜும்ஆ. சனி இடுப்பு. ஞாயிறு, இரண்டு நாள் விட்டுப் பார்த்தால் புரோக்கரின் சாயம் வெளுக்கும் என்று ஒரு எண்ணம். திங்கட்கிழமை போய்ச் சொல்லிவிட்டு, சோமசேகரத்தையும் கூட்டிக்கொண்டே பத்து மணிப் பாதையில் திரும்பினார். சோமசேகரம் அபூதாஹிரைத் தேடிப் போனார், இவர் வீட்டுக்கு வந்தார்.

நஜ்முன் நிஸா குசினி வாசலில் வெறுங்கையோடு நின்றாள். ஸல்ஹா உம்மா வீட்டிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறாள். கொண்டுபோன பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“என்னங்க, வீடு போயிட்டு,” என்றாள்.

“என்ன போயிட்டு?”

“மூதூர் மில்காரர் நேத்து முப்பத்திமூணாயிரம் கையில கொண்டுவந்து அவட தம்பிட்ட அச்சாரம் வெச்சிட்டார். பத்திரம் எழுதுறது இத்தா முடிஞ்ச பிறகு. ஸல்ஹா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுறா.”

“மூதூர் மில்காரரா?”

“ஓம். அந்த மனிசன் தொடக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டுதானே இருந்தார். இருபத்தாறு, பிறகு இருபத்தெட்டு. சீலைக்கு உள்ள இருந்து எல்லாம் நான் கேட்டனானே.”

ஜமால்தீன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அந்த ஆளுக்கு ஊரும் இருந்தது, நெல் மில்லும் இருந்தது, காசும் இருந்தது. கிண்ணியாக்காரனாக இல்லாததால்தான் கிண்ணியாவுக்குத் தெரியவில்லை.

“நீ ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“நீங்கதானே அங்க வீட்டுக் கதையே எடுக்கப்படாது எண்டு சொன்னீங்க. நான் எடுக்கல்ல. அவவா சொன்னா, நான் கேட்டுக்கொண்டு இருந்தன். நீங்க வீட்டில வந்து இதைப்பத்தி என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பன்.” அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “இண்டைக்குத்தான் அவ மனசில இருந்ததைச் சொன்னா. இருபத்தேழுக்கு நமக்குத்தான் தர இருந்தாவாம். பரீதாவுக்கெண்டு. தம்பி கத்தியிருக்கார், மத்தவன் கூடத் தாறானே எண்டு. இவ சொன்னாவாம், ஆயிரம் ரூபாயை நான் விட்டுக் குடுப்பன், நிஸாட பிள்ளை இந்த வீட்டில வாழட்டும் எண்டு. அபூதாஹிரை வெள்ளிக்கிழமை உங்களிட்ட அனுப்ப இருந்தாவாம். அதுக்குள்ள புதன்கிழமை எவனோ ஒரு பாலையூத்தான் வந்து முப்பத்திரண்டு கேட்டானாம். அதைக் கேட்டதும் மில்காரருக்குப் பயம் பிடிச்சு ஓடி வந்து முப்பத்திமூணை வெச்சிட்டார். தம்பியும் பிடிச்ச பிடியில நிண்டிட்டார். ஸல்ஹா என்ன செய்வா? ‘ஆயிரத்தை விடுவன் தங்கச்சி, ஆறாயிரத்தை நான் என்னண்டு விடுற, நானும் சோறு தின்னோணுமே’ எண்டு அழுறா. அந்தப் பாலையூத்தான் மட்டும் வராட்டி வீடு நமக்குத்தான். எங்கேயிருந்து வந்து துலைஞ்சானோ, நாசமாப்போவான்!”

சாபமென்றால் அவள் வாயில் வராது. முப்பது வருடத்தில் அன்றைக்குத்தான் ஜமால்தீன் அவள் ஒருவரைத் திட்டிக் கேட்டார்.

“அவரைத் திட்டாத,” என்றார்.

“ஏன் திட்டப்படாது? ஆரெண்டு தெரியுமா உங்களுக்கு?”

“சோமண்ணன்.”

அவளுக்கு விளங்கவில்லை. சோமசேகரம் இந்த வீட்டில் பெருநாளைக்குச் சாப்பிடுகிற மனிதர். ஜமால்தீன் நின்ற இடத்திலேயே நின்று, அபூதாஹிர் பொய் சொல்கிறான் என்று தான் நினைத்ததையும், பிடிப்பதற்குத் தானே ஒரு ஆளைச் செய்து அனுப்பியதையும், முப்பத்திரண்டு என்ற கணக்கும் தன்னுடையதுதான் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் கத்தியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். கத்துவதற்கு அவளிடமும் தெம்பில்லை.

“அல்லாஹ்வே,” என்று மட்டும் சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு, “பிள்ளைட்ட நீங்களே சொல்லுங்க. எல்லாக் கூடாத கதையையும் இவ்வளவு காலமும் நான்தான் சொன்னனான். இதை நான் சொல்ல மாட்டன்,” என்றாள்.

தகரக் கொட்டிலின் முன்பக்கத்தில் பரீதா மெஷினுக்கு முன்னால் இருந்தாள். மெஷின் ஓடவில்லை. தகரத்துக்கு அந்தப்பக்கம் பேசுவது இந்தப்பக்கம் கேட்காமல் இருக்குமா? ஆனாலும் பாதிதான் கேட்டிருக்க வேண்டும். தகப்பனைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“வீடு கிடைக்கல்லியா, வாப்பா?”

“இல்லை, மகள்.”

“அபூதாஹிர் காக்கா ஏமாத்திப்போட்டாரா?”

ஒரு ‘ஓம்’ போதும். ஊரே நம்பும். அபூதாஹிரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பும். அந்த மனிதனும் நாலு இடத்தில் வல்லாஹி என்று சத்தியம் பண்ணுவான், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஜமால்தீனுக்கு ஐம்பத்தைந்து வயது. ஐந்து வீட்டில் நாலை முடித்த மனிதன், ஐந்தாவதைத் தன் கையாலேயே கெடுத்தான் என்று பெற்ற பிள்ளைக்கு முன்னால் எந்த முகத்தோடு சொல்வது?

“இல்லை, மகள். அபூதாஹிர் ஒரு பொய்யும் சொல்லல்ல. பொய் ஆளை அனுப்பினது நான்தான். நான் சும்மா இருந்திருந்தா வீடு உனக்குக் கிடைச்சிருக்கும்.”

பரீதா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் நிறைந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். தைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருத்தியின் சட்டையை மடித்து மெஷின்மேல் வைத்தாள்.

“அவங்களுக்கு எப்ப சொல்லப்போறீங்க?”

“நாளைக்குப் போய்ச் சொல்றன், மகள். இண்டைக்கு எனக்கு ஏலாது.”

“இண்டைக்கே போங்க, வாப்பா,” என்றாள் பரீதா. “அந்த மாமி நாளைக்கு விடியக் காலமை பாதையில டவுனுக்குப் போறாவாம், எனக்குக் கூறைச் சீலை எடுக்க.”

ஜமால்தீன் கழற்றிய சட்டையை மறுபடி போட்டுக்கொண்டார்.